நம்பர் இல்லாத பெட்டி

ஒரு ஜீப்பின் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் எஞ்சின் நம்பர் இருக்கும், சேஸ் நம்பர் இருக்கும். கியர் பாக்ஸுக்கு எந்த நம்பரும் இருக்காது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதி வாங்க வேண்டும். கியர் பாக்ஸை மாற்றினால் கேட்பாரில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் ஓடுகிற பழைய ஜீப்புகளின் உண்மையான சரித்திரம் தாளில் கிடையாது. தரைத் தகட்டைக் கழற்றிக் கீழே எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே மூணு கியரா, நாலா, அஞ்சா? பெல் ஹவுசிங்குக்கும் பெட்டிக்கும் நடுவில் கனத்த தகடு ஒன்று நுழைந்திருக்கிறதா? பின்னால் போகிற புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டிய தடம் தெரிகிறதா? இவற்றைப் பார்த்தே அந்த வண்டி எந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது, என்ன சுமந்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

நான் போடிநாயக்கனூரில் ஜீப் வேலை பார்க்கிறவன். எழுபதுகளின் நடுவில் கால் சட்டையோடு பட்டறைக்கு வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, மண்ணெண்ணெயில் கியர் கழுவித் தொழில் படித்தேன். ஜீப் கதை பேசுகிறவர்கள் எஞ்சினைப் பற்றியே பேசுவார்கள். மலைக்கு ஜீப்பைப் பழக்கியது எஞ்சின் இல்லை, பெட்டிதான் என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்கான வாதம்தான் இது.

ஜீப்புக்கு முன்னால் இந்த மலையில் சரக்கு எப்படி இறங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூணாறு தேயிலை ஒருகாலத்தில் குண்டளை வழியாகச் சின்ன ரயிலில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி யாரும் போடவில்லை. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது. மலைக்குக் கீழே ரயில், மலைக்கு மேலே ஏலத்தோட்டம். நடுவில் கழுதை, கோவேறு கழுதை, ஆள் தலை. ஏலக்காய் பறிக்கப் போன பெண்கள் அரிசி, பருப்பைக் கட்டிக்கொண்டு நடந்தே ஏறி, வாரக்கணக்கில் தோட்டத்திலேயே தங்கிவிட்டு இறங்குவார்களாம். என் அப்பத்தா அப்படி ஏறியவர்தான்.

இந்த இடைவெளிக்குள் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டது இரண்டாம் உலகப் போர். வில்லிஸ் எம்பி, அதே அச்சில் ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ என்று இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் அமெரிக்காவில் செய்தார்கள். போர் முடிந்ததும் இந்தியாவில் கிடந்தவற்றை அரசாங்கம் ஏலம் விட்டது. 'டிஸ்போஸல் ஜீப்' என்று எங்கள் பட்டறை மேஸ்திரி சொல்வது அதைத்தான். அந்த வண்டியில் இருந்தது வார்னர் கம்பெனியின் டி-84 என்கிற மூணு கியர்ப் பெட்டி. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஸ்பைசர்-18 டிரான்ஸ்ஃபர் கேஸ். தரையில் மூன்று லீவர்: ஒன்று கியர், ஒன்று முன் சக்கரத்துக்கு, ஒன்று லோ கியருக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். போர்க்கால ஜீப்பின் முதல் கியர் 2.665-க்கு 1. டிரான்ஸ்ஃபர் கேஸ் லோவில் 1.97. ஆக்ஸிலில் கிரவுன் பினியன் 4.88. மூன்றையும் பெருக்கினால் 25.6. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் இருபத்தைந்தரைச் சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றில் மெதுவாக ஓடும்போது அந்த ஜீப்பின் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டரைத் தாண்டும். வேகமாக நடக்கிற ஆளின் வேகம் அது. போர்க்களத்தில் துப்பாக்கியும் நாலு சிப்பாயும் ஏற்றிப் பறக்க அது போதும். பாறையும் வேருமாகக் கிடக்கிற தோட்டப் பாதையில், உர மூட்டையோடு ஏற அது அதிக வேகம். கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். கிளட்ச் பிளேட் கருகும், பெட்டியின் பல் தேயும்.

போர் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனி இதே வண்டியை விவசாயிக்கு விற்கப் பார்த்தது. 1945-ல் வந்த சிஜே-2ஏ-யில் பெட்டியை மாற்றினார்கள். அதுதான் டி-90. பார்வைக்கு டி-84-இன் தம்பி போலவே இருக்கும். ஆனால் பல் அகலம் கூடியது, உடல் கெட்டி. முதல் கியர் 2.798. கிரவுன் பினியனையும் 5.38 ஆக்கினார்கள். பிறகு வந்த சிஜே-3பி-யில் டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46. இப்போது பெருக்கினால் 37. அதே ஆயிரம் சுற்றில் வண்டி மணிக்கு மூன்றரைக் கிலோமீட்டர்தான் போகும். பக்கத்தில் ஒரு ஆள் நடந்து வந்தால் ஜீப்பை முந்திவிடுவார். மலைக்கு வேண்டியது அதுதான். கிளட்சை விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமல், பாறை மேல் சக்கரத்தை வைத்து ஏற்றலாம். இறங்கும்போது பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினே பிடித்து நிறுத்தும்.

எங்கள் பட்டறையின் முதல் பெட்டி மாற்றல் இங்கேதான் ஆரம்பம். டிஸ்போஸல் ஜீப்பின் டி-84 தேய்ந்ததும் அதையே தேடி அலையாமல், டி-90-ஐ அதற்குரிய பெல் ஹவுசிங்கோடு சேர்த்து ஏற்றினார்கள். டி-90 இங்கே கிடைத்ததற்குக் காரணம் பம்பாய்க் கம்பெனி ஒன்று. 1945-ல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கிய கம்பெனி அது. பங்காளி குலாம் முகமது தேசப் பிரிவினையில் பாகிஸ்தான் போய் அங்கே நிதியமைச்சரானார், பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. மசகானில் ஜீப்பைப் பாகம் பாகமாக இறக்கிக் கோத்தவர்கள், போகப் போகப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் 1968-லேயே நின்றுபோன சிஜே-3பி இங்கே அதற்கப்புறமும் வெகுகாலம் வந்துகொண்டிருந்தது. எஞ்சினின் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைப் பக்கம் ஏறிவிட்டதால் பானெட்டை உயர்த்திய வண்டி அது. நெடுநாள் வரைக்கும் ஸ்டியரிங் இடது பக்கம்தான். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும். தோட்ட முதலாளிகள் வைத்திருந்தது இதைத்தான்.

டி-90-க்கு ஒரு குணம் உண்டு. இரண்டாவது, மூன்றாவது கியருக்குத்தான் சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தை ஒத்துவர வைக்கிற பித்தளை வளையம். முதல் கியருக்குக் கிடையாது. ஓடுகிற வண்டியில் முதல் கியர் போட வேண்டுமென்றால் கிளட்ச் மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு தட்டு ஆக்ஸிலரேட்டர், மறுபடி கிளட்ச், அப்புறம் கியர். கொண்டை ஊசி வளைவில், பின் சீட்டில் முதலாளி உட்கார்ந்திருக்க, சத்தமே இல்லாமல் இதைச் செய்கிறவனுக்குத்தான் போடியில் டிரைவர் என்று பேர். தெரியாதவன் கையில் பெட்டி கரகரவென்று அலறும். அந்தச் சத்தத்தை வைத்தே எங்கள் மேஸ்திரி, "இன்னும் ரெண்டு மாசத்துல நம்மகிட்ட வரும்" என்பார். வரும்.

வந்தால் எப்படி இறக்குவோம்? முதலில் 90 நம்பர் ஆயிலை வடிப்பது. ஆயில் அடியில் பித்தளைத் துகள் மினுங்கினால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. இரும்புத் துண்டு வந்தால் பல் போய்விட்டது. அப்புறம் தரைத் தகடு, கியர் லீவரோடு மேல் மூடி, முன் பின் ஷாஃப்டுகள், ஸ்பீடோமீட்டர் கேபிள். ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் வாலில் இருக்கும். அதையும் கழற்ற வேண்டும். எஞ்சினின் பின் பாரம் பெட்டிக்கு அடியில் போகிற குறுக்குச் சட்டத்தில்தான் நிற்கிறது. சட்டத்தை அவிழ்க்கும் முன் எஞ்சினுக்குக் கட்டை வைத்து ஜாக்கி கொடுக்காவிட்டால், எஞ்சின் பின்பக்கமாகச் சாய்ந்து ரேடியேட்டர் ஹோஸை இழுத்துவிடும். பிறகு பெட்டியும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒரே கட்டாகக் கீழே வரும். பள்ளம் வெட்டி, அதில் படுத்துக்கொண்டு, நெஞ்சில் வாங்கி இறக்கிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன். செயின் பிளாக் வந்த பிறகுதான் முதுகு தப்பித்தது.

ஏற்றுவதில்தான் தொழில் இருக்கிறது. பெட்டியின் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் நுழைந்து, கிராங்க் ஷாஃப்டின் நடுவில் இருக்கிற பைலட் புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். அதனால் கிளட்ச் பிளேட்டை முதலிலேயே நடு மத்தியில் கட்ட வேண்டும். பழைய பெட்டியிலிருந்து எடுத்த ஷாஃப்ட் ஒன்று எந்தப் பட்டறைச் சுவரிலும் இதற்கென்றே தொங்கும். பெட்டி கடைசி விரற்கடை இடைவெளியில் நின்று அடம்பிடிக்கும்போது, போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுக்கலாம் என்று கை துறுதுறுக்கும். இழுத்தால் புஷ் உடையும், அல்லது ஹவுசிங்கின் காது உடையும். பெட்டியை முழுப் பாரத்தோடு ஷாஃப்டில் தொங்கவிட்டாலோ பிளேட் வளைந்து, கிளட்ச் விட்டும் விடாமல் நிற்கும். கியரில் போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸின் வாலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பல்லோடு பல் சேர்ந்து தானாக உள்ளே போகும். அது போகிற அந்தச் சின்ன 'டொக்'கைக் கேட்காமல் எங்கள் மேஸ்திரி எந்த நட்டையும் முடுக்க விடமாட்டார்.

1973-ல் உலகத்தில் எண்ணெய் விலை ஏறியது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்களின் கணக்கு புரண்டது. மஹிந்திரா ஏற்கெனவே இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து பி-275 டிராக்டர் செய்துகொண்டிருந்தது. அந்த டிராக்டர் எஞ்சினின் வம்சத்தில் வந்த டீசல் எஞ்சின் ஜீப்புக்குள் ஏறியது. 1979-ல் பிரான்சின் பியூஜோவோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்டிபி என்கிற 2112 சிசி டீசலும் வந்தது. ஊரில் இருந்த பெட்ரோல் சிஜே-3பி-க்கெல்லாம் டீசல் மாற்றும் வேலை பட்டறைகளில் குவிந்தது.

எஞ்சின் மாறினால் பெட்டி சும்மா இருக்குமா? புது எஞ்சினின் பின் முகத்துக்கும் பழைய பெட்டியின் முன் முகத்துக்கும் போல்ட் துளை ஒத்துப்போகாது. நடுவில் ஒரு அடாப்டர் தகடு வேண்டும். போடி, தேனி லேத் பட்டறைகளில் அரை அங்குலத்துக்கு மேல் கனமான இரும்புத் தகட்டை வெட்டி, ஒரு பக்கம் எஞ்சினின் துளை, மறுபக்கம் பெட்டியின் துளை போட்டார்கள். துளை போடுவது சுலபம், நடுவைப் பிடிப்பதுதான் வித்தை. கிராங்கின் மையமும் பெட்டி ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால், வண்டி முதல் நாள் நன்றாகத்தான் ஓடும். மாதம் போனால் முன் பேரிங் முனகும். அப்புறம் மேட்டில் இரண்டாம் கியர் தானாகத் துள்ளி வெளியே வரும். டி-90 தேய்ந்தாலே இரண்டாம் கியர் துள்ளும் பெட்டி. கோணல் தகடு அதற்குச் சாக்குக் கொடுத்தது. நல்ல லேத்காரர் டயல் கேஜ் வைத்து உள்வட்டத்தைச் சுற்றிப் பார்க்காமல் தகட்டைக் கையில் கொடுக்கமாட்டார்.

தகடு சரியாக அமைந்த பிறகும் மூணு கியருக்கும் டீசலுக்கும் ஒத்துவரவில்லை. அதற்கும் கணக்கு உண்டு. டி-90-ல் முதல் கியர் 2.798, அடுத்தது 1.551. நடுவில் ஒன்றுமில்லை. முதல் கியரில் எஞ்சினை இரண்டாயிரம் சுற்றுக்கு ஏற்றிவிட்டு இரண்டாவது போட்டால் ஆயிரத்து நூறுக்கு விழும். பெட்ரோல் எஞ்சின் மேலே நாலாயிரம் வரைக்கும் போகும் என்பதால் முதல் கியரில் நன்றாக இழுத்துவிட்டு மாற்றலாம். டீசலுக்கு அந்த நீளம் கிடையாது. போடிமெட்டு வளைவில் பாரத்தோடு இரண்டாவது போட்டதும் எஞ்சின் மூச்சுத் திணறும். மறுபடி முதல் கியர், அதற்கு இரட்டைக் கிளட்ச். ஆயிரம் மீட்டர் உயரத்தை இப்படி ஏற வேண்டுமென்றால் டிரைவரின் இடது கால் என்ன ஆகும்?

எண்பதுகளில் மஹிந்திராவின் எம்எம் 540 வந்தபோது அதில் நாலு கியர் இருந்தது. கொரியாவின் கியா கம்பெனி வழியாக வந்த கேஎம்டி-90. அந்தப் பெட்டி உடைந்த வண்டிகளிலிருந்தும், ஏலத்திலிருந்தும், மதுரைப் பழைய சாமான் கடையிலிருந்தும் எங்கள் மலைக்கு ஏறியது. பழைய ஜீப்பில் அதை உட்கார வைப்பது வேறு பாடு. நாலு கியர்ப் பெட்டி நீளம் கூடியது. சிஜே-3பி-யின் சக்கரத்துக்குச் சக்கரம் எண்பதே அங்குலம். பெட்டி பின்னால் நீண்டால் குறுக்குச் சட்டத்தை நகர்த்த வேண்டும்; முன் ஷாஃப்டை நீட்ட வேண்டும்; பின் ஷாஃப்டை வெட்ட வேண்டும். பின் ஷாஃப்ட் குட்டையாகிவிட்டால் அதன் சாய்வு கூடும். சாய்வு கூடினால் ஜாயின்ட் கிராஸ் அடிக்கடி போகும். எஞ்சினையே கொஞ்சம் முன்னால் தள்ளலாம் என்றால் ஃபேன் ரேடியேட்டரில் உரசும். இதில் எதை விட்டுக்கொடுப்பது என்பது வண்டியின் வேலையைப் பொறுத்தது. அதனால் அந்தக் காலத்தில் பெட்டி மாற்ற வருகிறவரிடம் எங்கள் மேஸ்திரி விலையைச் சொல்வதற்கு முன் கேட்பது, "என்ன ஏத்தப் போறீங்க?"

பதில் மாறிக்கொண்டே வந்தது. முதலில் முதலாளியும் துப்பாக்கியும். அப்புறம் உரம், விறகு, ஏலக்காய் மூட்டை. எண்பதுகளின் இறுதியில் இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்துப் பரப்பிய ஞள்ளானி ஏலம் மலையில் பரவியது. காய்ப்பு கூடியது, பறிக்க ஆள் கூடியது. போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் ஊர்ப் பெண்கள் அதிகாலையில் கிளம்பி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போய் இருட்டுமுன் திரும்புவது வழக்கமானது. அப்பத்தா வாரக்கணக்கில் தங்கிய மலைக்கு, என் அத்தை தினமும் போய் வந்தார். நடுவில் மாறியது ஜீப்பும் அதன் பெட்டியும். அப்போது மேஸ்திரியின் கேள்விக்கு வந்த பதில், "ஆளுகதான்."

ஆள் ஏற்ற நீளச் சேஸ் 'கமாண்டர்' ஜீப்புகள் வந்தன. அவற்றோடு பியூஜோ வழிவந்த பிஏ-10 என்கிற அஞ்சு கியர்ப் பெட்டியும். அலுமினிய உடல், எடை குறைவு, கியர் விழுவது வெண்ணெய். ஐந்தாவது கியருக்கு மலையில் வேலை கிடையாது. கம்பம் ரோட்டில் எஞ்சின் கத்தாமல் ஓட அது உதவும். பல வண்டிகளுக்கு முன் சக்கர இழுப்பே கிடையாது. எங்கள் கைக்கு வந்த பெட்டிகளில் அடி வாங்கியிருந்தது எப்போதும் முதல் இரண்டு கியர்தான். கம்பெனி கணக்குப் போட்ட தலைகளைவிட அதிகம் ஏறினால் பாரம் விழுவது அங்கேதான். பெட்டி திறமானதாக மாறிய ஒவ்வொரு முறையும் வண்டியில் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கால் நீட்ட இடம் கூடியதாக எந்த அக்காவும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது பட்டறைக்கு வருகிறவர்களில் வேறு ஒரு சாதி உண்டு. கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்காரர்கள் ஒரு பக்கம். சென்னை, கோவையிலிருந்து பழைய சிஜே-3பி வாங்கிப் புதுப்பிக்கிற இளைஞர்கள் இன்னொரு பக்கம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னதிலிருந்து எல்லோருக்கும் 'ஒரிஜினல்' மேல் ஆசை வந்துவிட்டது. நாங்கள் வார்ப்பிரும்பு என்று எடைக்குப் போட்ட டி-90-ஐ இப்போது தேடுகிறார்கள். அதன் கிளஸ்டர் கியர் நல்லதாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வந்தார். அவருடைய சிஜே-3பி-யில் யாரோ அஞ்சு கியர் ஏற்றி, பின் ஷாஃப்டை ஒரு முழம் ஆக்கி வைத்திருந்தார்கள். பழைய மூணு கியரையே போட்டுத் தரச் சொன்னார். நானும் மேஸ்திரியின் கேள்வியைத்தான் கேட்டேன். "நானும் என் ஃபிரண்டும்தான்ணே, ஒரு டென்ட்டு, ஒரு கேமரா" என்றார். அந்தப் பாரத்துக்கு டி-90 தாராளம் என்றேன். பழைய பெல் ஹவுசிங் தேட வேண்டும், குறுக்குச் சட்டத்தைப் பழைய துளைக்கே கொண்டுவர வேண்டும், புதுவகை ஆயிலில் இருக்கும் கந்தகம் பித்தளை வளையத்தைத் தின்னும் என்பதால் பார்த்து ஊற்ற வேண்டும், முக்கியமாக அவர் இரட்டைக் கிளட்ச் படிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

பக்கத்துப் பள்ளத்தில் ஒரு கமாண்டர் நின்றது. முதல் கியரில் மூன்று பல் போயிருந்தது. மறுநாள் விடியுமுன் அது தோட்டத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி. கிளம்பாவிட்டால் அதில் போகிற பெண்கள் ஒருவருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது. "உங்க வண்டிக்கு நாள் சொல்ல முடியாது தம்பி. அது முடியட்டும்" என்று சொல்லிவிட்டுப் பையனிடம் செயின் பிளாக்கை அந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன்.